மறைந்தபின் கேட்ட பாட்டு
பொய்கையில் அப்பச்சன் வாழ்வும் நாம் கற்க வேண்டிய பாடமும்

தாம்பரம் சானடோரியத்தில் அமைந்துள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அயோத்திதாச பண்டிதர் பெயர் சூட்டப்பட்டிருப்பதை நம் பகுதியினர் அனைவரும் அறிவோம். 2005-ஆம் ஆண்டில் அம்மருத்துவமனை திறக்கப்பட்டது. அதே ஆண்டில் பண்டிதருக்கு அஞ்சல் தலையும் வெளியிடப்பட்டது. ஆயின் பண்டிதர் மறைந்தது 1914-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆகும். இடையே தொண்ணூறு ஆண்டுகள் கடந்து போயின. இராயப்பேட்டையிலிருந்து 1907-ஆம் ஆண்டு முதல் வாரந்தோறும் வெளிவந்த ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழின் பக்கங்கள் சில வீடுகளில் பெட்டிக்குள் உறங்கிக் கிடந்தன. அவற்றை அறிஞர் ஞான.அலாய்சியஸ் தேடித் தொகுத்து, 1999-ஆம் ஆண்டில் பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தின் வாயிலாக நூலாக்கிய பின்னரே, தமிழுலகம் அப்பெருமகனைத் திரும்பிப் பார்த்தது.

பண்டிதரின் எழுத்து தாளில் இருந்தமையால் பிழைத்தது. தாளில் ஏறாத குரல்களின் கதி என்ன? பாடி மறைந்தவர்களை எவர் தேடுவார்? எங்கே தேடுவார்? சங்கத்தின் வெள்ளி விழா மலரில் இவ்வினாவை நம் இளைஞர் முன் வைப்பது பொருத்தமுடையது எனக் கருதுகிறோம். இவ்வினாவுக்கு விடை கூறும் ஒரு வாழ்வு நமக்கு அண்டை நாடான கேரளத்தில் இருக்கிறது. பறையர் குலத்தில், அடிமைக் குடிலில் பிறந்து, பாட்டாலேயே ஒரு மக்கட் கூட்டத்தை எழுப்பி நிறுத்திய பொய்கையில் அப்பச்சனின் வாழ்வே அது. வாழ்ந்த காலத்தில் அவரைத் தலைவர் என்று அறிந்தோர் உண்டு. பாவலர் என்றும் பாடகர் என்றும் அவருடைய புகழ் பரவியதோ அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்கும் மேலான பின்னரே ஆகும்.

அடிமை நாடு

அப்பச்சனின் பாட்டை அறிய வேண்டுமாயின், அது பிறந்த நிலத்தை முதலில் அறிதல் வேண்டும். பழைய திருவிதாங்கூர் சமத்தானத்தில் புலையர், பறையர், குறவர் முதலிய மக்கள் நிலத்தோடு சேர்ந்த பொருளாகவே எண்ணப்பட்டனர். நிலத்தை விற்பது போலவே அவர்களையும் விற்றனர், ஒற்றி வைத்தனர், பாட்டத்திற்கு விட்டனர். கணவனை ஒருவனும் மனைவியை வேறொருவனும் விலைக்கு வாங்குவதுண்டு. பிள்ளைகள் யாருக்கு உரியவர் என்பதைப் பெற்றோர் முடிவு செய்ததில்லை. உடைமையாளர்களே முடிவு செய்தனர். மாட்டுக்கு இணையாக மனிதனை ஏரில் பூட்டி உழுத கொடுமையும் அங்கே நிகழ்ந்தது.

இது மலையாள நாட்டின் கதை மட்டுமே என்று நாம் ஒதுங்கிவிட இயலாது. தமிழகத்திலும் அடிமை ஓலைகள் எழுதப்பட்டன. அன்று திருவிதாங்கூரின் பகுதியாயிருந்த நாஞ்சில் நாட்டில் கிடைத்த முதலியார் ஓலைகளில் அடிமை விற்பனை பற்றிய ஆவணங்கள் உள்ளன. நமது தாம்பரம் அடங்கியிருந்த பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் படியாட்களாய்க் கட்டுண்டு கிடந்த நம் முன்னோரின் நிலையை, 1891-ஆம் ஆண்டில் மாவட்ட ஆட்சியர் டிரெமன்கீர் அரசுக்கு விரிவான அறிக்கையாக எழுதினார். அவ்வறிக்கையின் பயனாகவே 1892-இல் நம் மக்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை பிறந்தது. அவ்வறிக்கையில் நம் முன்னோரின் குடிசையும் கூலியும் கடனும் பதிவாயின. அவர்கள் எதைப் பாடினார்கள், எதை நினைத்து அழுதார்கள் என்பது எந்த அலுவலகத்துக் கோப்பிலும் ஏறவில்லை.

ஆங்கிலேயர் ஆண்ட பகுதிகளில் அடிமைமுறைக்குச் சட்டத்தின் ஏற்பு 1843-இல் நீக்கப்பட்டது. திருவிதாங்கூரில் 1855-இல் அரச விளம்பரத்தால் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. விளம்பரம் வந்தது, வயலில் நிலைமை உடனே மாறிவிடவில்லை. பழைய உடைமையாளரின் நிலத்திலேயே, பழைய குடிலிலேயே, பழைய பெயரிலேயே மக்கள் உழைத்துக் கொண்டிருந்தனர். அந்த விளம்பரம் வந்து இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1879-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள், திருவல்லாவுக்கு அருகேயுள்ள இரவிபேரூரில் அப்பச்சன் பிறந்தார்.

குமரன் யோகன்னான் ஆனது

தந்தை கண்டன், தாய் இலேச்சி. அவர்கள் சங்கரமங்கலம் என்னும் சிரியன் கிறித்தவக் குடும்பத்துக்கு உரிய அடிமைக் குடியினர். பிள்ளைக்கு இட்ட பெயர் குமரன். மாடு மேய்த்தும் வயலில் உழைத்தும் வளர்ந்த அப்பிள்ளை எப்படியோ எழுத்தைக் கற்றுக்கொண்டது. அக்காலத்தில் அடிமைக் குடியில் பிறந்தவன் ஒரு நூலைக் கையிலெடுத்து வாசிப்பது எத்துணை அரிய செயல் என்பதை, முதல் தலைமுறையாய்ப் பள்ளிக்குச் சென்ற நம் பெற்றோரைக் கேட்டால் உணரலாம். உடன் மாடு மேய்த்த சிறுவர்களுக்கு விவிலியக் கதைகளைச் சொல்லியும் பாடியும் காட்டிய அந்தப் பழக்கமே, பின்னர் ஆயிரவரைக் கட்டிப்போட்ட பேச்சாகவும் பாட்டாகவும் விரிந்தது.

கிறித்தவம் தழுவிக் குமரன் யோகன்னான் ஆனார். மார்த்தோமா சபையில் சேர்ந்தார். நற்செய்தி உரைப்பவராய் ஊர் ஊராகச் சென்றார். ஆனால் ஞானத் தண்ணீர் பட்ட பிறகும் சாதி கரையவில்லை என்பதைக் கண்டார். பழைய கிறித்தவருக்கு ஒரு கூடம். புதிதாய் வந்த நம்மவருக்கு வேறு கூடம் என்றிருந்தது. அச்சபையை விட்டு நீங்கி, பிரதரன் சபையினரோடு இணைந்தார். அங்கும் அதே நிலையைக் கண்டு வெளியேறினார்.

அவர் எழுப்பிய வினா எளியது, கூரியது. விவிலியத்தில் உரோமருக்குத் திருமுகம் உண்டு, கொரிந்தியருக்கும் உண்டு. திருவிதாங்கூர்ப் புலையருக்கு எழுதிய திருமுகம் எங்கே என்று அவர் கேட்டார். வாகத்தானம் என்னும் ஊரில் நடந்த கூட்டத்தில் வேத நூலையே தீயிலிட்டார். இச்செயலைக் கேட்டு நம்முள் கிறித்தவ அன்பர்கள் சிலர் மனம் வருந்தக்கூடும். நூலின் மீது பகை கொண்டு செய்ததாக இதை நாம் கொள்ளலாகாது. தம் மக்களைப் பற்றிய ஒரு சொல்லைத் தேடித் தேடிக் காணாது சோர்ந்த ஒரு வாசகரின் துயரம் அச்செயலில் இருந்தது. தம் மக்களின் வரலாற்றை இனித் தாமே உரைக்க வேண்டும் என்னும் உறுதி அதிலிருந்தே பிறந்தது.

1909-ஆம் ஆண்டில் இரவிபேரூரைத் தலைமையிடமாகக் கொண்டு ‘பிரத்தியட்ச இரட்சா தெய்வ சபை’ என்னும் தனி அமைப்பை நிறுவினார். கண்முன்னே மீட்பு என்பது அதன் பொருள். புலையர், பறையர், குறவர் என்று பிரிந்து, தமக்குள்ளும் மேல் கீழ் பார்த்துக் கிடந்தவர்களை ஒரே கூரையின் கீழ் அமர்த்தினார். நிலம் வாங்கினார், பள்ளிகள் தொடங்கினார். 1921-ஆம் ஆண்டிலும் மீண்டும் 1931-ஆம் ஆண்டிலும் திருவிதாங்கூரின் ஸ்ரீமூலம் பிரஜா சபையில் உறுப்பினராய் அமர்ந்து, தம் மக்களின் கல்விக்காகவும் நிலத்திற்காகவும் வாதாடினார். சாதுஜன பரிபாலன சங்கத்தை 1907-இல் நிறுவிய மாவீரர் அய்யன்காளி இவருடைய காலத்தவரே. வண்டியேறிச் சாலையை வென்றவர் அய்யன்காளி. பாட்டெடுத்து நினைவை வென்றவர் அப்பச்சன் எனலாம்.

பாட்டே வரலாறு

அப்பச்சனின் கூட்டங்கள் இரவு முழுதும் நீளும். பகலெல்லாம் வயலில் உழைத்தவர்கள் இருளில் நடந்து வந்து கூடுவர். அவர் சிறிது பேசுவார், பின் பாடுவார், மீண்டும் பேசுவார். கோவிற் கீர்த்தனைகளின் சாயலும் வயற்பாட்டின் சாயலும் கலந்த அப்பாடல்கள், கேட்டோர் உடனே கூடச் சேர்ந்து பாடத்தக்க எளிய சொற்களால் ஆனவை. தாயை ஒரு திசைக்கும் தந்தையை ஒரு திசைக்கும் விற்றுவிட, காட்டிலே ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு கதறும் பிள்ளைகளை அவர் பாடுவார். மாட்டோடு பூட்டப்பட்ட மனிதனைப் பாடுவார். பசித்துக் கிடந்த வயிற்றையும், அடிபட்ட முதுகையும், பெயரின்றிப் புதைக்கப்பட்ட உடலையும் பாடுவார். கேட்டவர் விம்மி அழுவர். அவர்களுட் பலர் அடிமைகளாய் விற்கப்பட்டவரின் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் ஆவர். தாங்கள் வீட்டில் வாய்விட்டுப் பேசாத ஒன்றை, ஒருவர் நடுக்கூட்டத்தில் நின்று பாடுவதைக் கேட்டனர்.

அவருடைய பாடல்களுள் இன்று மிகவும் புகழ்பெற்றிருப்பது, வரலாற்று நூல்களைப் புரட்டிப் பார்த்துத் தம் குலத்தைப் பற்றிய செய்தியையே காணாது வருந்தும் பாடலாகும். பல குலங்களின் கதைகள் எழுதப்பட்டிருக்க, தம் மக்களின் கதை மட்டும் விடுபட்டுப் போனதை அப்பாட்டு முறையிடுகிறது. அவ்வருத்தத்தோடு அது நின்றுவிடுவதில்லை. விடுபட்டதை நிரப்பத் தாமே முனைகிறது. எழுதப்படாத வரலாற்றை எழுத அவரிடம் அச்சுக்கூடம் இல்லை. படிப்பதற்கு அவருடைய மக்களிடம் எழுத்தறிவும் இல்லை. எனவே பாட்டையே ஏடாகவும் மக்களின் நாவையே எழுதுகோலாகவும் கொண்டார். அடிமைச் சந்தையைக் கண்ணால் காணாத தலைமுறைக்கும் அதன் நினைவை அப்பாட்டுகள் கைம்மாற்றின.

இங்கு இளைஞர்கள் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அதே காலத்தில் மலையாள இலக்கியம் புதுமலர்ச்சி கண்டிருந்தது. மகாகவி குமாரன் ஆசான் 1922-இல் ‘துரவஸ்தை’ என்னும் காவியத்தில் ஒரு புலைய இளைஞனைத் தலைவனாக்கிப் பாடினார். அது பாராட்டுக்குரிய செயலே. சாதியின் கொடுமையை நன்கறிந்த ஈழவப் பெருமகன் அவர். எனினும், புலையரைப் பற்றி ஒரு காவியம் கற்றோர் அவையில் ஆராயப்பட்ட அதே ஆண்டுகளில், அந்த மக்களோடு இருந்து அவர்கள் கதையை அவர்கள் நாவுக்கு ஏற்றபடி பாடிக்கொண்டிருந்த அப்பச்சனை இலக்கிய உலகம் திரும்பியும் பார்க்கவில்லை. மொழியின் இலக்கிய வரலாறுகள் நெடுங்காலம் அவருக்கு ஒரு வரி இடமும் தரவில்லை. அவர் பாடியது வழிபாட்டுக் கூட்டத்துப் பாட்டு என்று ஒதுக்கப்பட்டது போலும். 1939-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் அப்பச்சன் காலமானார்.

காத்து நின்ற நாவுகள்

அவர் மறைந்தபின் அப்பாட்டுகள் என்னவாயின? சபையின் மக்கள் அவற்றை விடவில்லை. வழிபாட்டில் பாடினர், வீட்டில் பாடினர், தாய் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். சிலர் பள்ளிக் குறிப்பேடுகளில் எழுதி வைத்தனர். அவை அவர்களுக்குப் புனிதமானவை. குருவின் வாக்கு என்பதால் ஒரு சொல்லையும் மாற்றாது காக்க முயன்றனர். அறுபது எழுபது ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. வெளியுலகம் அவற்றைக் கேட்கவில்லை; உள்ளே அவை ஒருநாளும் நிற்கவும் இல்லை.

பின்னர் கல்வி தன் பயனைத் தரலாயிற்று. அந்தச் சமுதாயங்களிலிருந்தே படித்து வந்த இளைஞரும் ஆய்வாளரும் அப்பாட்டுகளை வரலாற்றுச் சான்றாகக் காணத் தொடங்கினர். வி.வி.சாமி, ஈ.வி.அனில் ஆகியோர் சபையினரின் நாவிலும் ஏட்டிலும் இருந்த பாடல்களைத் தொகுத்து நூலாக்கினர். அத்தொகுப்பு 2010-ஆம் ஆண்டில் வெளிவந்தது. வரலாற்றறிஞர் சனல் மோகன், சபையினரின் பாடல்களையும் நினைவுகளையும் ஆராய்ந்து, கேரளத்து அடிமைமுறையைப் பற்றி 2015-இல் ஆங்கிலத்தில் பெருநூல் வெளியிட்டார். அப்பச்சனின் பாடல்கள் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டன. பல்கலைக்கழகப் பாடங்களில் இடம்பெற்றன. கேரளத்தில் தலித் இலக்கியம் என்று பேசத் தொடங்குவோர் இன்று அவர் பெயரிலிருந்தே தொடங்குகின்றனர். வரலாற்றில் தம் மக்களின் பெயர் இல்லையே என்று பாடியவரின் பாட்டே இன்று அம்மக்களின் வரலாற்றுக்கு மூலச் சான்றாக விளங்குகிறது.

ஆய்வாளர் அவரைக் கண்டெடுத்தனர் என்று சொல்வது வழக்கம். அச்சொல் முழு உண்மை ஆகாது. தொலைந்து போன பொருளையே கண்டெடுக்க முடியும். அப்பச்சனின் பாட்டு அதன் மக்களிடம் ஒருபோதும் தொலைந்ததில்லை. எழுத்தறியாத மூதாட்டிகள் முக்கால் நூற்றாண்டு சுமந்து வந்ததை, எழுத்தறிந்த பேரப்பிள்ளைகள் ஏட்டில் இறக்கி வைத்தனர் என்பதே சரி. இரு தலைமுறையும் தத்தம் கடமையைச் செய்தமையால் அவர் புகழ் எய்தினார். இடையே ஒரு தலைமுறை ‘நமக்கெதற்கு இந்தப் பழங்கதை’ என்று வாய்மூடியிருக்குமாயின், ஆய்வாளர் கைக்கு ஒன்றும் எட்டியிராது.

கடல் கடந்த ஓர் ஒப்புமை

இதே காலத்தில் அமெரிக்காவிலும் ஒரு பாடகர் வாழ்ந்தார். இராபர்ட் ஜான்சன் என்னும் கறுப்பினத்தவர் அவர். 1911-ஆம் ஆண்டில் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தவர். அங்கே அடிமைமுறை 1865-இல் ஒழிக்கப்பட்டது. ஆயினும் பருத்தித் தோட்டங்களில் குத்தகைக் கடனில் கட்டுண்டு கறுப்பின மக்கள் உழன்றனர். அவர்களின் துயரத்திலிருந்து பிறந்த இசைக்குப் ‘புளூஸ்’ என்று பெயர். தெரு முனையிலும் மதுக்கடையிலும் கித்தார் மீட்டிப் பாடிய ஜான்சன், 1936-இலும் 1937-இலும் டெக்சாஸ் மாநிலத்தில் இருமுறை ஒலிப்பதிவுக்கு அழைக்கப்பட்டார். பதிவானவை 29 பாடல்களே. 1938-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள், தமது 27-ஆம் வயதில் அவர் இறந்தார்.

அதே ஆண்டு டிசம்பரில் நியூயார்க் நகரின் புகழ்வாய்ந்த கார்னகி அரங்கில் கறுப்பின இசையைப் பெருமைப்படுத்தும் நிகழ்ச்சி ஒன்றை ஜான் ஹம்மண்ட் என்பவர் ஏற்பாடு செய்தார். அதில் பாட ஜான்சனைத் தேடி ஆளனுப்பினார். பாடகர் இறந்துவிட்டார் என்ற செய்தியே திரும்பி வந்தது. மேடையில் அவருடைய இசைத்தட்டுகளை ஒலிக்கச் செய்தனர். பாடகர் இல்லாமல் பாட்டு மட்டும் ஒலித்தது. 1961-இல் அப்பதிவுகள் பெரிய இசைத்தட்டாக வெளிவந்தபின், இங்கிலாந்து நாட்டு இளைஞர்களும் அவற்றைக் கேட்டு இசை பயின்றனர். 1990-இல் முழுத் தொகுப்பு வெளிவந்து பத்து இலட்சத்திற்கும் மேல் விற்பனையாயிற்று. 1994-இல் அமெரிக்க அரசு அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. பிழைப்புக்காக ஊர் ஊராய் அலைந்தவரின் குரல் இறந்தபின் உலகைச் சுற்றியது.

ஜான்சன் மறைந்த ஓராண்டுக்குள் அப்பச்சனும் மறைந்தார். இருவரும் அடிமைகளின் வழித்தோன்றல்கள்; இருவர் பாட்டிலும் அந்தக் காயம் இருந்தது. ஒரு வேறுபாட்டை மட்டும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஜான்சனின் குரலை எந்திரம் காத்தது. இசைத்தட்டு வணிகர்கள் இலாபம் கருதிப் பதிவு செய்தார்கள். அந்த வணிகத்தால் ஒரு நன்மை விளைந்தது. அப்பச்சனுக்கு இசைத்தட்டு வாய்க்கவில்லை. அவர் குரல் எப்படி ஒலித்தது என்பதை இனி எவரும் கேட்க இயலாது. அவர் பாட்டை மனிதர் காத்தனர். எந்திரமும் இல்லை, மனிதரும் இல்லை என்றால் எத்துணைப் பெரிய பாடகரும் காற்றோடு போவார் என்பதை இவ்விரு வாழ்வும் நமக்கு உணர்த்துகின்றன.

நம் பகுதியின் பாட்டு

இனி நம் ஊருக்கு வருவோம். தாம்பரம், சேலையூர், முடிச்சூர், பெருங்களத்தூர், பல்லாவரம், பம்மல் ஆகிய ஊர்கள் ஒருகாலத்தில் ஏரிப் பாசனத்தால் நெல் விளைந்த ஊர்கள். 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இங்கு இடம் பெயர்ந்தது. நகரம் நம்மை நோக்கி வந்தது. வயல்கள் மனைகளாயின. நம் மக்கள் நடவிலிருந்து பல்லாவரத்துக் கல்லுடைப்புக்கும், பம்மல், குரோம்பேட்டைத் தோல் பதனிடும் தொழிலுக்கும், இரயில்வேக்கும், பின்னர்க் கல்வியின் பயனாய் அலுவலகங்களுக்கும் சென்றனர். 2021-இல் தாம்பரம் மாநகராட்சியும் ஆயிற்று. இவையனைத்தும் வளர்ச்சியே, மறுப்பதற்கில்லை.

நடவு நின்றபோது நடவுப் பாட்டும் நின்றது. முன்னே ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க, வரிசையில் குனிந்து நடும் பெண்கள் பின்பாட்டுப் பாடிய அந்த முறையை அறிந்தவர்கள் இன்று எண்பது வயதைத் தாண்டியவர்கள். ஒப்பாரி என்பதும் அழுகை மட்டுமன்று. இறந்தவரின் பிறப்பு, தொழில், பெற்ற பிள்ளைகள், பட்ட துன்பம் அனைத்தையும் அந்நேரத்திலேயே அடியாகத் தொடுத்து இராகத்தில் வைக்கும் கலை அது. தாளில் ஒரு வரியும் எழுதாமல் ஒரு மனிதரின் வரலாற்றை ஓரிரவில் பாடிமுடிக்கும் ஆற்றல் உடையவர்கள் நம் பாட்டிமார். அவர்களுள் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்?

கல்வி பெற்ற நம்முள் பலருக்கு இப்பாட்டுகளைப் பற்றிப் பேசக் கூச்சம் உண்டு. அக்கூச்சத்தின் காரணத்தையும் நாம் அறிவோம். பிறர் வீட்டுச் சாவுக்குப் பறையடிப்பதும் பிணத்தின் முன் பாடுவதும் நம்மீது கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தன. கூலியென்று வீசப்பட்டதைக் குனிந்து பொறுக்க வேண்டியிருந்தது. ‘இனிச் செய்யமாட்டோம்’ என்று நம் பெரியோர் மறுத்தது சுயமரியாதையின் பாற்பட்ட பெருஞ்செயல். அம்மறுப்பு இல்லையேல் இச்சங்கமும் இல்லை, இம்மலரும் இல்லை. ஆனால் அவர்கள் மறுத்தது கட்டாயத்தை என்பதை நாம் பிரித்தறிதல் வேண்டும். இழிவு அந்தக் கட்டாயத்தில் இருந்தது; பாடியவளின் திறமையில் எந்த இழிவும் இருந்ததில்லை. அப்பச்சன் காட்டிய வழி இதுவே. அடிமையாய் இருந்தோம் என்பதை மறைத்துப் பெருமை தேடாமல், அதையே நடுக்கூட்டத்தில் நிறுத்திப் பாடினார். அடிமையாக்கியவனுக்கே அதில் வெட்கம் என்பதைக் கேட்டவர் உணர்ந்தனர், நிமிர்ந்தனர்.

மற்றொரு தீங்கையும் சுட்டவேண்டும். நம்மவர் பாடல்கள் எங்கேனும் அச்சேறும்போது, பெரும்பாலும் ‘நாட்டுப்பாடல்’ என்னும் ஒரே தலைப்பின் கீழ் அச்சேறுகின்றன. பாடியவர் பெயர் இருப்பதில்லை. கீர்த்தனைக்கு இயற்றியவர் பெயர் உண்டு. சினிமாப் பாட்டுக்குக் கவிஞர் பெயரும் பாடகர் பெயரும் உண்டு. வயலில் பாடியவளுக்கு மட்டும் பெயர் இல்லை. ‘மக்கள் பாடியது’ என்பது கேட்க இனிமையாயிருக்கிறது. அந்த மக்களுள் ஒருத்தி மற்றவரினும் சிறந்த குரலும் சொல்வளமும் உடையவளாய் இருந்திருப்பாளே, அவளுடைய உரிமை அதில் கரைந்து போகிறது. அப்பச்சனின் பாட்டு அவர் பெயரோடு காக்கப்பட்டதால்தான் அவருக்குப் புகழ் கிட்டியது. பெயரின்றிக் காக்கப்பட்டிருந்தால் அதுவும் ஒரு நாட்டுப்பாடலாய் முடிந்திருக்கும்.

இளைஞர் கடமை

இளைஞர்களே! இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் உங்களைப் பள்ளிக்கு அனுப்பவும், தேர்வில் வெற்றி பெறச் செய்யவும் உழைத்து வந்துள்ளது. பெற்ற எழுத்தை நம் வீட்டாருக்காகவும் பயன்படுத்தும் காலம் வந்துவிட்டது. இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. ஜான்சனின் காலத்தில் ஒலிப்பதிவுக்கென ஓட்டல் அறையில் எந்திரங்களைக் கொண்டுவந்து பொருத்த வேண்டியிருந்தது. இன்று உங்கள் சட்டைப் பையிலுள்ள கைப்பேசியே அப்பணியைச் செய்யும்.

உங்கள் குடியிருப்பில் பாடத் தெரிந்த மூத்தோர் எவரெவர் என்று முதலில் கேட்டறியுங்கள். அவர்களிடம் சென்று, அவர்கள் இசைவைப் பெற்றுப் பதிவு செய்யுங்கள். பாட்டோடு நின்றுவிடாமல் அவருடைய பெயர், பிறந்த ஊர், யாரிடம் கற்றார், எந்த வேலையில், எந்த நிகழ்ச்சியில் பாடினார், எந்த நாளில் பதிவாயிற்று என்பனவற்றையும் எழுதுங்கள். அவர் நாவில் வந்த சொல்லை வந்தபடியே எழுதுங்கள். பள்ளியில் கற்ற இலக்கணத்தைக் கொண்டு அதைத் திருத்த முற்படாதீர்கள். கைப்பேசி பழுதாகும்; தாள் கிழியும். எனவே ஒலிப்பதிவு ஒரு படியும் எழுத்துப் படி ஒன்றுமாகச் சங்க நூலகத்தில் சேர்த்து வையுங்கள். ஆண்டுக்குப் பத்துப் பேரைப் பதிந்தாலும், அடுத்த பத்தாண்டில் நூறு பாடகர் நம்மிடம் இருப்பர்.

அவர்களுள் எல்லோரும் புகழ் பெறப் போவதில்லை. ஒருவர் பெறலாம், ஒருவரும் பெறாமலும் போகலாம். புகழ் வருமா என்று பார்த்துச் சபையின் தாய்மார் அப்பச்சனின் பாட்டைத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. தமது என்று எண்ணிச் சொல்லிக் கொடுத்தனர். ஆனால் நாம் ஒன்றை மாற்ற இயலும். அப்பச்சன் தம் புகழைக் காணவில்லை, ஜான்சனும் காணவில்லை, பண்டிதரின் எழுத்து மீண்டு வரத் தொண்ணூறு ஆண்டுகள் ஆயின. நம் குடியிருப்பில் பாடும் மூதாட்டி இன்னும் உயிரோடு இருக்கிறாள். அவள் பாடியதை அவள் காதாலேயே ஒருமுறை கேட்கச் செய்வதும், அவள் பெயரை அவள் கண்முன்னே எழுதிக் காட்டுவதும் நம்மால் ஆகக்கூடிய செயல்கள்.

சங்கத்தின் பொன்விழா மலர் வெளிவரும் காலத்தில், அதன் பக்கங்களில் அப்பெயர்கள் அச்சாகியிருக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். அதற்கான வேலையை இவ்வாண்டே தொடங்குவோமாக.